கூடல் இழைத்த நாட்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்

செல்லக்கண்ணு,

நேற்று போனில் "இன்னும் அவனையே நினைச்சிட்டிருக்கேன், எனக்கே வெட்கமா இருக்கும்மா" என்றாய். பக்கத்தில் அப்பா இருந்ததால் "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் 21 வயதில் ஒருவர் இருந்தார். (அப்பாவுக்குத் தெரியும், பயப்படாதே.) வேலைக்கு வெளியூர் போனவர் முதலில் வாரம் ஒரு கடிதம் போட்டார், அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. ஒருநாள் முறத்தில் கோலமாவைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் வட்டம் போட்டுக் கூடல் இழைத்துப் பார்த்தேன். வட்டத்தின் இரண்டு முனையும் சேர்ந்தால் அவர் வருவார். ஒரு விரற்கடை விலகி நின்றது. அழித்துவிட்டு மறுபடி இழைத்தேன், அரைக்கண் திறந்துகொண்டு!

நம் ஊர் ஆண்டாளும் இழைத்தவள்தானே. நாச்சியார் திருமொழியின் நாலாம் பதிகம் முழுக்க 'கூடிடு கூடலே'. கூடியதா என்று அவள் சொல்லவே இல்லை. அடுத்த பதிகத்தில் குயிலிடம் போய்விடுகிறாள். மார்கழிக்குத் திருப்பாவை, கல்யாணத்துக்கு வாரணமாயிரம் என்று நாம் பழகிவிட்டோம். எனக்குப் பிடித்தது பதின்மூன்றாம் பதிகம். அவன் இடுப்புப் பீதாம்பரத்தைக் கொண்டுவந்து விசிறுங்கள், அவன் மிதித்த மண்ணையாவது என் உடம்பில் பூசுங்கள் என்கிறாள். தனக்கு எங்கே வலிக்கிறது, எது கொஞ்சம் தணிக்கும் என்று அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அப்படிக் கெஞ்சியவளே, பயனில்லாத இந்த மார்பைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிவேன் என்றும் சீறுகிறாள். பெருமாளிடமே! அதையும் பாசுரமாகத்தான் வைத்துக் கும்பிடுகிறோம். நீ வெட்கப்படுகிறாய்.

பதில் வராத மாதங்களில் நான் எழுதி அனுப்பாத கடிதங்கள் டிரங்குப்பெட்டியில் கிடந்தன. நீ பிறந்த பிறகு ஒருநாள் எடுத்துப் படித்தேன். அவர் பெயர் முதல் இரண்டு வரியில்தான். மிச்சமெல்லாம் என் படிப்பை நிறுத்திய தாத்தா மேல் கோபம், அப்புறம் ராத்திரி மொட்டைமாடியில் காரணமே இல்லாமல் வரும் அழுகை. அந்த வருஷம்தான் தபால்வழியில் பி.ஏ. சேர்ந்தேன். கோபம் போய்விட்டது. அழுகை இன்னும் வருகிறது, ஆண்டாள் சன்னதியில், அவள் இடக்கைக் கிளியைப் பார்க்கும்போது. முன்பெல்லாம் அது அவருக்காக என்று நினைத்தேன். இப்போது யாருக்காக என்று கேட்டுக்கொள்வதில்லை.

நீயும் எழுது. எனக்கு அனுப்ப வேண்டாம்.

பருப்புப்பொடி கூரியரில் வருகிறது. நாளை ராத்திரி பேசு, அப்பா 9.30க்கே தூங்கிவிடுவார்.

அம்மா