சார்ஜ் கணக்கு பற்றி, கொடைக்கானல் நண்பனுக்கு

குன்னூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. டிரஸ்ட்டுக்கு எலக்ட்ரிக் கார்கள் வந்துவிட்டன, டீசல் வண்டியைவிட எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை மாதாமாதம் கமிட்டியில் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மரம் சாய்வதும் கரண்ட் போவதும் வழக்கம்போல. உன் கணக்கிலும் அந்தக் கரண்ட்டுக்கு ஓர் இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

காரின் திரையில் தெரியும் யூனிட்டை வைத்துக் கணக்கு எழுதாதே. அது பேட்டரியிலிருந்து செலவானது. நீ பணம் கட்டுவதோ மீட்டரைத் தாண்டி வந்ததற்கு. ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜிங்கில் இடையிலேயே 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். அதனால் சார்ஜர் லைனுக்கு மட்டும் ஒரு சப்-மீட்டர், அதாவது தனியாக ஒரு துணை மீட்டர், போடு. 7.2 கிலோவாட் சார்ஜர் சிங்கிள் ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும், நேரடி மீட்டரே போதும். த்ரீ ஃபேஸில் சிடி (வயரைச் சுற்றி மாட்டி கரண்டை அளக்கும் வளையம்) வைத்தால் அதன் திசையைப் பார்த்து மாட்டச் சொல். ஒன்று திரும்பிவிட்டாலும் அந்த ஃபேஸ் கழிந்து மொத்தம் குறைந்து காட்டும். மிச்சம் பிரமாதமாகத் தெரியும், அவ்வளவும் பொய்.

ஷெட் மெயின் போர்டிலிருந்து தள்ளி இருந்தால் வயரையும் கவனி. 40 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் போட்டால், 32 ஆம்பியரில் ஏறக்குறைய 8 வோல்ட் இறங்கும், 250 வாட் வயரிலேயே எரியும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 150 வாட்டுக்கு வந்துவிடும். சப்-மீட்டரை மெயின் போர்டு பக்கமே வை. ஷெட்டில் வைத்தால் இந்த நஷ்டம் கணக்கில் விழாது.

சார்ஜர் தரும் செஷன் பட்டியலையும் (ஒரு முறை செருகி எடுக்கும்வரை ஒரு செஷன்) எடுத்துக்கொள், எந்தக் காருக்கு எவ்வளவு என்று பிரிக்க அதுதான் வழி. ஓசிபிபி (சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது முறை) சார்ஜர்கள் ரீடிங்கை வாட்-மணியில் அனுப்பும், 1000-ஆல் வகுத்தால்தான் யூனிட். நெட்வொர்க் போன நேரத்தில் முடிந்த செஷனுக்குச் சில சமயம் முடிவு ரீடிங் வராமல் பூஜ்யம் என்று பதிவாகும். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி காலை சப்-மீட்டரைப் படித்து, செஷன் கூட்டுத்தொகையோடு ஒப்பிடு. ஓரிரு சதவீத வித்தியாசத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் சப்-மீட்டர் கூடுதலாகக் காட்டினால், செஷன் விடுபட்டிருக்கும், அல்லது யாரோ அந்த லைனில் ரூம் ஹீட்டர் செருகியிருப்பார்கள். குளிர்காலத்தில் இரண்டாவதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இனி மலை விஷயம். ஆட்களோடு 1700 கிலோ எடையுள்ள கார் 1800 மீட்டர் ஏற, உயரத்துக்கு மட்டுமே 8.3 யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பும். "வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தேன், சார்ஜே குறையலை" என்று டிரைவர் சொல்வது உண்மைதான். ஆனால் அடிவாரத்தில் அங்கே பப்ளிக் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு மேலே வந்து, அந்த பில் டிரைவரின் போனிலேயே தங்கிவிட்டால், கிலோமீட்டர் செலவு பாதியாகத் தெரியும். ட்ரிப் ட்ரிப்பாகக் கணக்குப் போடாதே. ஆபீஸ் யூனிட், வெளி பில், ஓடோமீட்டர் மூன்றையும் மாத மொத்தமாக எடு. மேலே 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்க விடாதே. நிரம்பிய பேட்டரிக்குள் எதுவும் திரும்பப் போகாது, பிரேக் பேடுதான் தேயும். 80 போதும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால், கையேட்டில் சொன்ன இடைவெளியில் முழுச் சார்ஜ் தேவைப்படும். அதைக் கார் ஊருக்குள்ளேயே ஓடும் நாளில் வைத்துக்கொள்.

ஒப்பிடும் டீசல் கணக்குக்குக் கம்பெனி சொன்ன மைலேஜை எடுக்காதே. பழைய வண்டிகளின் லாக் புக்கும் பங்க் பில்லும் இருக்குமே, அதே மாதத்து லிட்டரையும் கிலோமீட்டரையும் எடு. டீசல் 95 ரூபாய், மலையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 8.60 ரூபாய். எலக்ட்ரிக் காருக்குச் சப்-மீட்டர் கணக்கில் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால், 2 ரூபாய். இவை மாதிரிக்குத்தான், உன் பில்லில் உள்ள ரேட்டைப் போடு. கிலோவாட்டுக்கு என்று வரும் நிலைக்கட்டணத்தையும் மறக்காதே. சார்ஜருக்காகச் சாங்ஷன் லோடை (மின்வாரியம் அனுமதித்த கிலோவாட் அளவை) கூட்டியிருந்தால், கார் ஓடாத மாதமும் அது வரும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டரில் சார்ஜ் போடுவார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் சொச்சம்தான் வரும், அதாவது யூனிட் 30 ரூபாய். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் ஆகிவிட்டது பார். மிச்சத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போச்சு. ஜெனரேட்டர் யூனிட்டைத் தனிக் கட்டத்தில் எழுது. முடிந்தால், ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜர் லைன் தானாகத் துண்டாகும்படி ஒரு கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைக்கச் சொல். அவசரத்துக்கு மட்டும் கையால் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த கடிதத்தோடு போன இரண்டு பில்லின் நகலையும், பழைய வண்டியின் லாக் புக்கில் ஒரு பக்கத்தையும் வைத்து அனுப்பு. சாங்ஷன் லோடு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் குன்னூர் நண்பன்