வாண்ட் வாங்குவதற்கு முன்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழு ஆண்டு விடுமுறை விட்டதும் டான்சில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், அதற்குள் டான்சிலை எடுக்கும் கோப்லேஷன் இயந்திரத்தையும், அதில் மாட்டும் குச்சி போன்ற வாண்டையும் வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு, நல்ல கருவிதான். எடுக்கும்போது ரத்தம் குறைவாகப் போகும், முதல் சில நாள் வலியும் ஓரளவு குறையும். ஆனால் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு ஏழாம் நாள், எட்டாம் நாள் வருகிற ரத்தக்கசிவை அது தடுக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கு.

அது வேலை செய்யும் விதத்தை உன் தியேட்டர் சிஸ்டருக்கும் சொல்லிக்கொடு. மின்சாரச் சூட்டால் வெட்டும் காட்டரி 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சதையைச் சுடுகிறது. கோப்லேஷனில் சலைன் என்ற உப்பு நீர்தான் வேலை செய்கிறது. வாண்ட் நுனியிலுள்ள மின்முனைகளுக்கு நடுவே சலைன் ஓடிக்கொண்டிருக்க, ரேடியோ அலைவரிசை மின்சாரம் பாய்ந்ததும் அங்கே மெல்லிய பிளாஸ்மாப் படலம், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுப் படலம், உண்டாகிறது. ஆரஞ்சு மஞ்சளாக ஒளிர்வது சோடியத்தின் நிறம். அந்தப் படலம் தொட்ட இடத்தில் சதை கரைகிறது, சுற்றிலும் சூடு 40 முதல் 70 டிகிரிக்குள் நிற்கிறது. இதயத் தமனி அடைப்பை எடுக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹிரா தப்லியால், பிலிப் எக்கர்ஸ் என்ற இரண்டு பொறியாளர்களின் கையில் அகப்பட்டது இது என்பது உனக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

ஆகவே உப்பு இல்லாவிட்டால் பிளாஸ்மா இல்லை. அவசரத்தில் யாராவது டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீர் பாட்டிலை மாட்டிவிட்டால் வாண்ட் வேலை செய்யாது. பாட்டில் தீர்ந்து சொட்டு நின்றால் நுனியில் சதை ஒட்டிக் கருகும், சக்ஷன் துளை அடைத்துக்கொள்ளும். 0.9 சதவீத சலைன், நுனி எப்போதும் நனைந்திருக்கும் அளவுக்கு ஓட்டம், பாட்டிலின் மேலேயே கண் வைத்திருக்க ஓர் ஆள், இந்த மூன்றும் வேண்டும். ஒரு வாண்ட் ஒரு பிள்ளைக்குத்தான். கழுவி, கேஸ் ஸ்டெரிலைஸ் பண்ணி மறுபடி எடுக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நீ அதைச் செய்யாதே. மின்முனை தேய்ந்த வாண்டில் பிளாஸ்மா சீராக வராது, கை தன்னையறியாமல் அழுத்தத் தொடங்கும், அழுத்தினால் ஆழமாகப் போகும்.

இயந்திரத்தின் அளவைப் பலரும் வெட்டுக்கு 7, ரத்தம் நிறுத்த 3 என்று வைத்துக்கொள்கிறார்கள். மேல் முனையில் தொடங்கு. ஃபோர்செப்ஸால் டான்சிலை நன்றாக உள்பக்கம் இழுத்துப் பிடித்தால் அதன் உறையான கேப்ஸ்யூல் வெண்மையாக, வழுவழுப்பாகத் தெரியும். அதை ஒட்டியே வாண்டை மிதக்கவிடு, குத்தாதே. சிவப்பு நார்கள் நீளவாக்கில் தெரிந்தால் தசைக்குள் போய்விட்டாய் என்று அர்த்தம். பிள்ளைக்கு அதிக வலி தருவதும், பிற்பாடு ரத்தம் கசிய இடம் தருவதும் அந்தக் காயம்தான். கீழ் முனையில் இன்னும் நிதானம் வேண்டும், முகத் தமனியின் கிளை அங்கேதான் நுழைகிறது. கொஞ்சம் பெரிய குழாய் திறந்துகொண்டால் வாண்டின் 3ஆம் அளவு போதாது. பைபோலார் காட்டரியும் கட்டுப்போடும் நூலும் மேஜையில் திறந்தே இருக்கட்டும். வாண்ட் வந்துவிட்டதே என்று அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதே.

வாய் திறப்பான் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். திறந்ததும் பிளேடு மூச்சுக்குழாய் டியூபை நசுக்கக்கூடும். மார்பு ஏறி இறங்குகிறதா, கார்பன் டை ஆக்சைடு கோடு சரியாக இருக்கிறதா என்று மயக்க டாக்டர் சொன்ன பிறகே வாண்டைக் கையில் எடு. ஆறு, ஏழு வயதில் ஆடும் பற்களை எண்ணிக் குறித்துக்கொள். எடுத்து முடித்ததும் திறப்பானை ஓரிரு நிமிடம் தளர்த்திவிட்டு மறுபடி திறந்து பார். இழுவிசையில் அமுங்கியிருந்த குழாய்கள் அப்போதுதான் கசியத் தொடங்கும். மெல்லண்ணத்துக்குப் பின்னால் சக்ஷனை விட்டு அங்கே தேங்கிய ரத்தக் கட்டியை எடுக்காமல் டியூபை உருவவே கூடாது. மயக்கம் தெளியும்போது அது நழுவிக் குரல்வளையை அடைத்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும்.

மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் சேர்த்து எடுப்பாய் என்று நினைக்கிறேன். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடு. இருந்தால் அண்ணத்தில் மறைந்த பிளவு இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடினாய்டை முழுவதும் எடுத்துவிட்டால் பிள்ளை மூக்கால் பேசும், குடிக்கிற பால் மூக்கு வழியே வரும்.

வீட்டுக்குப் போன பிறகு வரும் ரத்தக்கசிவுக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003 ஜூலை முதல் 2004 செப்டம்பர் வரை ஏறக்குறைய 34,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். சூடில்லாமல் கத்தியால் எடுத்து, நூல் கட்டி ரத்தம் நிறுத்தியவர்களைவிட டையதெர்மி என்ற மின்சாரச் சூட்டாலோ கோப்லேஷனாலோ எடுத்தவர்களுக்குக் கசிவு கூடுதலாக இருந்தது. கை பழகப் பழகக் குறைகிறது என்று பின்னால் பலர் சொன்னார்கள், நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பழகும் காலம் உனக்கும் உண்டு. முதல் பிள்ளைகளைச் சாதாரண டான்சிலாகத் தேர்ந்தெடு. சீழ்க்கட்டி வந்து ஆறியது, அடிக்கடி வீங்கித் தழும்பு விழுந்து ஒட்டிப்போனது, இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு எடுப்பது என்பதில் பழைய கணக்கே போதும்: தொண்டை அழற்சி ஒரு வருடத்தில் 7 முறை, இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5, மூன்று வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3. அல்லது குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது. லீவு விட்டாச்சு, எடுத்துவிடுங்க என்று கேட்பதெல்லாம் காரணம் ஆகாது.

எடுத்த மறுநாளே குழியில் வெள்ளைப் படலம் படரும், கொஞ்சம் பச்சையாகவும் தெரியும், வாய் நாறும். சீழ் பிடித்துவிட்டது என்று தாய் பதறுவாள். அது புண்ணின் பக்கு, சுரண்டக் கூடாது, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பக்கு உதிரும்போதுதான் அடியிலுள்ள குழாய் திறக்கிறது. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு வாய் உலர்ந்து வலி கூடும், வலியால் இன்னும் குடிக்காது. அதனால் வலி மருந்தை அழுதால் கொடுங்கள் என்று சொல்லாதே, முதல் சில நாட்கள் கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவை. இப்யூபுரூஃபன் சேர்க்கலாம். கோடீன் வேண்டவே வேண்டாம், சில பிள்ளைகளின் உடலில் அது வேகமாக மார்ஃபினாக மாறி மூச்சை அடக்கிவிடும். ஐஸ்கிரீம் மட்டும்தான் என்று யாரும் பட்டினி போடவேண்டியதில்லை. ஆறிய இட்லி, குழைந்த தயிர் சாதம், இளநீர், எது இறங்குகிறதோ அதைத் தரட்டும். முறுக்கு, சிப்ஸ், காரக் குழம்பு இரண்டு வாரம் கழித்து.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்: தூங்குகிற பிள்ளை ஒன்றுமில்லாமலே திரும்பத் திரும்ப விழுங்கினால் உடனே வா. ரத்தம் வாய்க்கு வருமுன் வயிற்றுக்குப் போகும். 15 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே 1,100 மில்லிக்குச் சற்று மேல். ஒரு டீ டம்ளர் அளவு போனாலே பத்தில் ஒரு பங்கு. நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் கடைசி வரை நன்றாக இருப்பதுபோல் காட்டும், அதைப் பார்த்துக் காத்திருக்காதே. வந்ததும் ஊசிக் குழாய், ரத்த வகை, ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச். மறுபடி மயக்கம் கொடுக்கும்போது வயிறு நிறைய ரத்தம் இருக்கிறது என்றே எண்ணி, இரண்டு சக்ஷன் ஓட, ஓர் அளவு சிறிய டியூபையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷீட் முதல் பக்கத்தில், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரவில் வர எவ்வளவு நேரமாகும் என்று எழுத ஓர் இடம் விடு. மலையூர்ப் பிள்ளைகள் பத்து நாளும் டவுனில் உறவுக்காரர் வீட்டில் தங்கட்டும், யாரும் இல்லாவிட்டால் எடுப்பதைத் தள்ளிப்போடு. உன் மயக்க டாக்டர் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்? அதற்குப் பதில் எழுது. அதன் பிறகு எத்தனை வாண்ட் வாங்கலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழன்