ஜார்ஜியாவின் வரலாறும் ‘அக்கால வழக்கம்’ என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் தொடரில் ஜார்ஜியாவைக் குறித்த கட்டுரையைப் படித்தேன். காக்கசஸ் மலையடிவாரத்து நாட்டையும் இந்த மாநிலத்தையும் பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்வோர் பலர் இருக்கையில், இவ்வளவு விரிவாகத் தமிழில் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அங்கு நிலவிய அடிமை முறையை ‘அது அக்கால வழக்கம்’ என்று ஒரே வரியில் கட்டுரையாளர் கடந்துபோனது என் மனத்தை உறுத்தியது. வேறு மாநிலங்களுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்துமோ என்னவோ, ஜார்ஜியாவுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஏனெனில், அடிமைகள் இல்லாத குடியேற்றமாக இருக்க வேண்டும் என்ற திட்டத்துடன் அமைக்கப்பட்டு, அதற்கெனச் சட்டமும் இயற்றி, பின்னர் அந்தச் சட்டத்தைத் தானே நீக்கிக்கொண்ட மண் அது.

1732-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் வழங்கிய பட்டயத்தின்படி, லண்டனில் இருந்த அறங்காவலர் குழு ஒன்றின் பொறுப்பில் ஜார்ஜியா விடப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஓகல்தோர்ப், நூற்றுச் சொச்சம் பேருடன் 1733 பிப்ரவரியில் சவன்னா ஆற்றங்கரை மேட்டில் வந்து இறங்கினார். அங்கு வாழ்ந்த யமக்ரா மக்களின் தலைவர் டோமோசிச்சி இடம் கொடுத்திராவிட்டால் அந்த ஊர் எழும்பியிருக்காது. அறக்கொடையில் அழைத்து வரப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50 ஏக்கர் நிலம், அதை அவரவரே உழுது பயிரிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1735-இல் கறுப்பின அடிமைகளை வைத்துக்கொள்வதற்குத் தடைச் சட்டமும் வந்தது. இத்தடையைக் கருணையின் விளைவு என்று நான் போற்றவில்லை. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்க கம்பெனியில் ஓகல்தோர்ப்பே துணை ஆளுநராக இருந்தவர். தெற்கே ஸ்பெயினின் வசமிருந்த புளோரிடா, தன்னிடம் தப்பி வரும் அடிமைகளுக்கு விடுதலை அளித்தது. எனவே எல்லையைக் காக்க உழவர்களாகவும் படைவீரர்களாகவும் ஒருங்கே இருக்கக்கூடிய குடிகளே தேவை என்று அறங்காவலர்கள் கணக்கிட்டார்கள்.

ஆயினும் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு குரலும் அங்கு எழுந்தது. கட்டுரையில் அது இடம்பெறாததே என் முதன்மையான குறை. பக்கத்திலிருந்த தென் கரோலினாவின் நெல் வயல்களில் அடிமைகளின் உழைப்பால் செல்வம் குவிவதைக் கண்ட சவன்னா குடியேறிகள் பலர், தடையை நீக்கும்படி 1738 இறுதியில் மனு எழுதினார்கள். அடுத்த மாதமே, 1739 ஜனவரியில், டேரியன் என்ற சிற்றூரில் குடியேறியிருந்த 18 ஸ்காட்லாந்து மலைநாட்டார் எதிர்மனு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அடிமைகள் ஸ்பெயினின் பக்கம் ஓடிவிடுவார்கள், அவர்களைக் காவல் காப்பதே நமக்கு வேலையாகிவிடும் என்று நடைமுறைக் காரணங்களைத்தான் முதலில் அடுக்கினார்கள். முடிவில், ஒரு மனித இனத்தையும் அதன் வழிவழிச் சந்ததியையும் நிரந்தர அடிமைத்தனத்துக்கு ஆளாக்குவது மனித இயல்பையே அதிரச் செய்யும் செயல் என்றும், விடுதலை நமக்கு எவ்வளவு அருமையோ அவர்களுக்கும் அவ்வளவு அருமையாகத்தானே இருக்கும் என்றும் எழுதினார்கள். இதை எழுதியவர்கள் தத்துவ அறிஞர்கள் அல்லர். வறண்ட மண்ணில் விளைச்சலுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த எளிய குடியானவர்கள். அவர்களுக்குத் தெரிந்த நியாயம் அந்தக் காலத்துக்கே தெரியாது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

1751 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை நீங்கியது. அமெரிக்கப் புரட்சி மூண்ட வேளையில் ஜார்ஜியாவில் ஏறத்தாழ 18,000 அடிமைகள் இருந்தார்கள். 1793-இல் சவன்னாவை அடுத்த ஒரு தோட்டத்தில் தங்கியிருந்த எலி விட்னி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பின் பருத்தி பரவிய இடமெல்லாம் அடிமை முறையும் பரவியது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகளின் எண்ணிக்கை 4,62,198. அதாவது, மாநில மக்களில் நூற்றுக்கு 44 பேர் அடிமைகள். இதற்கிடையில் அம்மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் நிலமும் பறிபோனது. 1832-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் மாநில அரசு அதை மதிக்கவில்லை. 1838-இல் அவர்கள் படைவலிமையால் மேற்கே துரத்தப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

உள்நாட்டுப் போரில் அட்லாண்டா எரிந்ததையும் வடமாநிலங்களின் படைத்தளபதி ஷெர்மனின் படை கடலை நோக்கி நடந்ததையும் கட்டுரையாளர் சிறப்பாகவே விவரித்திருக்கிறார். ஆனால் அந்த நடை முடிந்த சவன்னாவில், 1865 ஜனவரி 12 மாலை நடந்த சந்திப்பை விட்டுவிட்டார். ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனும் கறுப்பின மதகுருமார் 20 பேரை ஒரு மாளிகையின் மாடிக்கு அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயதான காரிசன் ஃபிரேசியர். எட்டாண்டுகளுக்கு முன்பு 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாக எண்ணிக் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் மீட்டுக்கொண்டவர் அவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஒருவனுடைய உழைப்பை அவன் சம்மதமின்றி, எதிர்க்க முடியாத வலிமையால் பெற்றுக்கொள்வது என்றார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிட வேண்டும் என்றார். நான்கே நாளில், கடலோர நிலத்தை விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்தளிக்க ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உடைமையாளர்களுக்கே திரும்பக் கிடைக்கச் செய்தார். 1733-இல் அதே ஊரில் வந்திறங்கிய ஏழைகளுக்குக் கிடைத்த 50 ஏக்கரை நினைக்கும்போது, இந்த 40 ஏக்கர் பறிபோனதை என்னால் எளிதில் கடந்துவர முடியவில்லை.

பின்னர் நடந்தவற்றைத் தங்கள் கட்டுரை ஓரளவு சொல்லியிருக்கிறது. இருப்பினும், சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பின உறுப்பினர்களை 1868-இல் சக உறுப்பினர்களே வெளியேற்றியதும், சிறைக்கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் முறை 1908 வரை நீடித்ததும் அதில் இருந்திருக்க வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த அட்லாண்டாவைப் பற்றி எழுதியவர், அவர் போதகராக இருந்த தேவாலயத்தின் இன்றைய போதகரும் சவன்னாவில் பிறந்தவருமான ரஃபேல் வார்னாக், ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராக 2021 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் சேர்த்திருக்கலாம்.

இத்தொடர் நூலாக வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் ‘அக்கால வழக்கம்’ என்ற அந்த ஒரு வரியை நீக்கி, அவ்விடத்தில் டேரியன் குடியானவர்களின் மனுவையும் காரிசன் ஃபிரேசியரின் விடையையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்