ஷாக் கொடுத்த பிறகும் மாத்திரை வேண்டும்

ஆசிரியருக்கு,

கடும் மனச்சோர்வுக்குத் தரப்படும் மின்அதிர்வு சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்ய 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை விதித்திருப்பதை எடுத்துச் சொன்னது நல்லது; பலருடைய பயம் குறையும். சரி, குணமாகி வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது? கட்டுரை அதைத் தொடவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஹரால்ட் சாக்கெய்மின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. மின்அதிர்வில் குணமானவர்களை 24 வாரங்கள் கவனித்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மனச்சோர்வுக்கான நார்ட்ரிப்டிலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் அது 60 விழுக்காடு. அதோடு மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 39.

என் பெரியம்மாவுக்கு ஆறு முறை இந்தச் சிகிச்சை நடந்தது. பல மாதம் படுக்கையே கதியென்று கிடந்தவர், ஒரு நாள் தானே எழுந்து அடுப்படிக்குப் போய்க் காபி போட்டார். அந்த மகிழ்ச்சியில் மாத்திரையை நிறுத்திவிட்டோம். மூன்றாம் மாதமே மறுபடியும் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நிறுத்தக் கூடாது என்று எங்களிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எனவே, எந்த மாத்திரை, எத்தனை மாதம், அடுத்து வர வேண்டிய நாள் எது என்பதைத் தமிழில் எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுத்த பிறகே நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். லித்தியம் எடுப்பவர்களுக்குத் தேவையான ரத்தப் பரிசோதனையை வட்டார அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ள வழி செய்தால் இன்னும் உதவியாக இருக்கும்.