ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சி: நம் ஓவியர் சங்கத்தின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். புதிய உறுப்பினர்கள், செயற்குழுக் கூட்டங்கள் பற்றிய விவரம் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது, அதையெல்லாம் திரும்பப் படித்து உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. இந்த ஆண்டு நாம் செய்த பெரிய காரியம் ஞாயிற்றுக்கிழமை வழக்கங்களை வைத்து நடத்திய குழுக் கண்காட்சி, அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தலைப்பைச் செயற்குழுவில் வைத்தபோது இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ஒன்று, இது ரொம்ப எளிது, ஆளுக்கொரு சாய்வு நாற்காலியும் செய்தித்தாளும் வரைந்து கொண்டு வந்துவிடுவார்கள் என்பது. இன்னொன்றைச் சொன்னவர் மருத்துவமனையில் ஷிஃப்ட் பார்க்கும் உறுப்பினர்: "ஞாயிறு என்றால் லீவு என்று யார் சொன்னது, எனக்கு என்றைக்கு லீவு இருந்தது?" அந்தக் கேள்விதான் கண்காட்சியைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு ஆணை போட்டபோதே நகரத்துக்காரர்களும் நீதிபதிகளும் ஓய்வெடுக்கட்டும், பட்டறைகளை மூடட்டும், ஆனால் விவசாயிகள் வேலை செய்யலாம், ஏனென்றால் விதைக்கும் பருவம் காத்திருக்காது என்று சேர்த்தே எழுதினார். ஆக, ஓய்வு எடுப்பவர்களும் எடுக்க முடியாதவர்களும் அந்த நாளில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். இருவரையும் வரைவோம் என்று முடிவு செய்த பிறகு தலைப்பு எளிது என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்து, தேர்வுக்குழு வேண்டுமா என்ற விவாதம், அதுவும் நீண்டது. பாரிஸில் 1884இல் தொடங்கிய சுதந்திர ஓவியர்களின் கண்காட்சியில் நடுவர் கிடையாது, பரிசும் கிடையாது. சுங்கச்சாவடியில் வேலை பார்த்துக்கொண்டே, யாரிடமும் பாடம் படிக்காமல் வரைந்த ஆன்றி ரூசோ 1886 முதல் அங்கேதான் தன் படங்களை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஓவியர் என்று அவரைக் குறைவாகப் பேசியவர்கள் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான், வேலைக்குப் போய்விட்டு மிச்ச நேரத்தில் தூரிகை எடுப்பவர்கள். அதனால் தேர்வு வேண்டாம், ஆளுக்கு ஒரு படம், அளவுக்கு மட்டும் கட்டுப்பாடு என்று முடிவானது. அது சரியான முடிவு, அடுத்த ஆண்டும் அப்படியே தொடர வேண்டும்.

தேர்வு இல்லை என்பதால் தரம் இறங்கிவிடுமோ என்ற கவலைக்குப் பதிலாக வந்ததுதான் "பாதிப்பட" கூட்டங்கள். முடிக்காத படத்தை அப்படியே கொண்டு வந்து நடுவில் வைத்து எல்லோரும் பேசுவது. முதல் கூட்டத்தில் பலருக்குத் தயக்கம், அப்புறம் வராதவர்களே இல்லை. திங்கட்கிழமைக்காகச் சீருடைக்கு இஸ்திரி போடும் கைகளை வரைந்தவரிடம் முகம் வேண்டாமே என்று ஒருவர் சொன்னார், அவர் முகத்தை எடுத்துவிட்டார், படம் எங்கேயோ உயர்ந்துவிட்டது. காலியான தெருவை வரைந்த இளைஞர் ஒருவர் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1930இல் வரைந்த ஞாயிறு அதிகாலைப் படத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தார். ஹாப்பர் அதில் முதலில் ஒரு ஜன்னலில் ஒரு ஆளை வரைந்து பிறகு அழித்துவிட்டார். எதை வைப்பது என்பதைவிட எதை எடுப்பது என்றே அன்று மாலை முழுக்கப் பேசினோம்.

படங்களை மாட்டிய விதத்துக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு ஓவியர் சூரா. பாரிஸ் பக்கம் சேன் ஆற்றில் இருக்கும் லா கிராண்ட் ஜாட் தீவில் ஞாயிறு மதியம் உலாவ வருபவர்களை அவர் 1884 முதல் 1886 வரை வரைந்தார், கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம், இப்போது சிகாகோவில் இருக்கிறது. அதற்கு முன் அதே அளவில் வரைந்த அஸ்னியேர் என்ற இடத்தில் குளிப்பவர்கள் படத்தில் இருப்பது அதே ஆற்றின் எதிர்க்கரை, சாதாரண வேலைக்காரர்கள், பின்னால் புகை விடும் ஆலைப் புகைபோக்கிகள். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பது போல இருக்கும் என்று நம் துணைத் தலைவர் சொன்னதும், ஓய்வுப் படங்கள் ஒரு சுவரிலும் வேலைப் படங்கள் எதிர்ச் சுவரிலும் போயின. மதியத் தூக்கத்துக்கு நேர் எதிரே இரவு ஷிஃப்ட் முடித்து வரும் செவிலியர். பார்வையாளர்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மாட்டும் வேலையில் கற்றதையும் பதிவு செய்கிறேன். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலானோர் கண்ணுக்குச் சரி. நீர்வண்ணமும் காகிதமும் வெளிச்சத்தில் நிறம் மங்கும், அருங்காட்சியகங்களே அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போல மங்கலாகத்தான் வெளிச்சம் வைக்கின்றன, ஆகவே அவை ஜன்னல் பக்கம் வேண்டாம். ஆயில் படத்துக்குக் கடைசி வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது காய வேண்டும். கடைசி வாரம் முடித்துவிட்டு வார்னிஷ் கேட்டவர்களுக்கு நாம் மறுத்தது அதனால்தான், கோபம் வேண்டாம்.

வாசலில் வெற்று அட்டைகளும் பென்சிலும் வைத்திருந்தோம், வருபவர்கள் தங்கள் ஞாயிறை வரையலாம் என்று. குழந்தைகள் குவித்துவிட்டார்கள். அரங்கின் காவலரும் ஒரு அட்டை வரைந்தார், அவர் தினமும் உட்காரும் நாற்காலியும் வாசல் கேட்டும், கோடு கொஞ்சம் கோணல், ஆனால் அந்த நாற்காலியின் களைப்பு அப்படியே தெரிந்தது. அவரிடம் கேட்டு அதற்கும் மவுண்ட் (சுற்றிலும் அட்டை விளிம்பு) போட்டு வேலைச் சுவரில் மாட்டினோம். கண்காட்சியில் எனக்கு மிகப் பிடித்த படம் அது.

ஒரே ஒரு குறை. நாம் வரைந்த வேலைக்காரர்களில் பலரால் வந்து பார்க்க முடியவில்லை, நாம் திறந்திருந்த நேரம் அவர்களின் வேலை நேரம். அடுத்த கண்காட்சி வார நாட்களில் இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். அதற்கு அரங்கில் உட்கார ஆள் வேண்டும், முறை போட்டுக்கொண்டால் யாருக்கும் சுமையாகாது. பாதிப்பட கூட்டங்களை ஆண்டு முழுக்க நடத்துவதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. மாட்டும் குழுவில் சேர விரும்புபவர்கள், ஏணியில் ஏறத் தெரிந்தவர்கள் முக்கியமாக, கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.