காஸ்ட்பர்கின் பெயரும் எங்கள் பங்கும்

நோர்வே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாட்டின் வடகோடி மாகாணமான பின்மார்க்கில், ஹொன்னிங்ஸ்வோக் மீன் தொழிற்சாலையில் முப்பது வருடமாக வேலை செய்யும் ஈழத்தமிழன் எழுதுகிறேன்.

பேரண்ட்ஸ் கடலின் யோஹான் காஸ்ட்பர்க் எண்ணெய் வயலில் 2025 மார்ச்சில் எண்ணெய் வரத் தொடங்கிவிட்டது. வாழ்த்துகள். நாளுக்கு 220,000 பீப்பாய் வரை எடுக்கலாமாம். கடலிலேயே கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் கரைக்குக் குழாய் இல்லை.

கதை உங்களுக்குத் தெரியும். எண்ணெய் நிறுவனத்தார் 2011இல் வயலைக் கண்டுபிடித்தார்கள். 2013 பெப்ரவரியில், எண்ணெய் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கரையான வைட்னெஸுக்குக் குழாயில் வரும், அதை வாங்கிக் கப்பலேற்றும் முனையம் அங்கே எழும் என்றார்கள். அன்று சாப்பாட்டறையில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்று செய்தி கேட்டோம். கூட வேலை செய்யும் ஒருவர் மேசையில் சிந்திய கோப்பியை விரலால் இழுத்து, குழாய் வரும் வழியை வரைந்து காட்டினார். என் மகன் முனையத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பி அதற்கான தொழில்கல்வியையே எடுத்தான். 2018இல் நீங்கள் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தீர்கள். முனையத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டீர்கள். 2019இல் அது கட்டுபடியாகாது என்று முடிந்தது. மகன் இப்போது தெற்கே ஸ்டவாங்கர் நகரில். இங்கே அவன் அறை ஜன்னலில் மனைவி கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறா. சூரியன் வராத மாதங்களில் அதற்கு விளக்குப் போட்டுவைக்கிறோம்.

காஸ்ட்பர்க் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் பெயரும் சொத்துரிமையும் உண்டு என்று 1915இல் சட்டம் கொண்டுவந்தவர். அவர் பெயரை வயலுக்கு வைத்துவிட்டு, பின்மார்க் பிள்ளைக்குப் பங்கில்லை என்கிறீர்கள். நல்ல பொருத்தம்! எண்ணெயே வேண்டாம் என்பவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களோடு நான் தனியாகச் சண்டை பிடித்துக்கொள்கிறேன். ஆனால் எடுப்பதென்று முடிவானால், கரைக்கு வரட்டும்.

சரி, கோபத்தை விடுகிறேன். அதே கடலில் 2013இல் கண்டுபிடித்த விஸ்டிங் எண்ணெய் வயல் இன்னும் காத்திருக்கிறது. அனுமதி கேட்டு அது உங்கள் மேசைக்கு வரும்போது, கரையில் என்ன வேலை, எந்த ஊரில், எந்த ஆண்டுக்குள் என்பதை நிபந்தனையாக எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்வது போதாது, அனுமதியிலேயே எழுதுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து ஒரு மீன் தொழிலாளி