கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, நீர் வந்து சேரும் வரத்துக்கால், மீன்பாசி ஏலம் என்று முடிந்துவிடும். இந்த முறை அவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நடுமடைப் பலகை மாற்றப்படவில்லை. வரத்துக்காலில் சீமைக் கருவேலத்தைப் பாதித் தூரம்தான் வெட்டியிருக்கிறோம். கலுங்குக்கு மனு கொடுத்ததோடு சரி. இவற்றுக்கென ஒதுக்கிய பணம் டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் போராட்டத்தின் டிராக்டர் வாடகைக்கும் டீசலுக்கும் போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்; பொதுக்குழு பின்னேற்பு வழங்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஏலம் மீன்பாசி ஏலம்தான். முன்பு தண்டோரா, இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி. நாள், நேரம், வைப்புத்தொகை எல்லாம் ஊருக்கே தெரியும். கெண்டை மீனுக்கு இவ்வளவு நடைமுறை. ஆனால் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 2015.51 ஹெக்டேர், ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர், ஏலம் போன சேதியை நாம் செய்தித்தாளில்தான் படித்தோம். 2024 நவம்பர் 7 அன்று வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானது. 2023இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாமாம்.

நவம்பர் 23 கிராம சபையில் ஏலத்தை எதிர்த்த தீர்மானத்துக்குக் கையெழுத்துப் பக்கம் போதாமல் வெள்ளைத்தாளைக் கோந்து தடவி ஒட்டினோம். கைநாட்டு வைத்த ஓர் அப்பத்தா, மை காயும்வரை விரலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். தாளில் அப்பிவிட்டால் செல்லாது என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

சிக்கலே அதன் பிறகுதான் வந்தது. டிசம்பர் 24 அன்று, அரிட்டாபட்டி மலையிலுள்ள பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. நம் செயற்குழுவிலேயே ஒரு சாரார், மலை தப்பினால் போதாதா என்றார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. 2022இல் அறிவிக்கப்பட்ட அந்தத் தலம் 193 ஹெக்டேர்தான். தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லகர் வல்லூறும் தேவாங்கும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மலையில் விழுந்த மழை கோட்டோடு நின்றுவிடுமா? கண்மாய்க்கு வந்தாக வேண்டுமே. அந்த மலைக் குகையில், பழந்தமிழ் எழுத்தான தமிழிப் பொறிப்பில் உள்ள நெல்வேலிக்காரர் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறார். பத்திரம் இல்லாதது நம் நெல்வயல்தான். அன்று இரவு பதினொரு மணிக்கு, முழு ஏலமும் ரத்தாக வேண்டும் என்று முடிவெழுதிப் பதிவேட்டை மூடினேன்.

ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்த பேரணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலூரில் கடைகள் அடைப்பு. நம் பெண்கள் கூழ்ப்பானையை டிராக்டரில் ஏற்றினார்கள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றி, நம் ஆட்களுக்கு மிஞ்சியது மோர்மிளகாய் மட்டும். ஜனவரி 22 அன்று விவசாயிகள் குழு டெல்லியில் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தது. மறுநாள் ஏலம் ரத்து. போராட்டத்தில் 11,608 பேர் மீது போடப்பட்ட வழக்குகளை மாநில அரசு பின்னர் திரும்பப் பெற்றது.

ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பற்றி நம் கூட்டத்தில் அடிக்கடிப் பேச்சு வந்தது. அங்கே பாக்சைட் எடுக்க வந்ததும் இதே வேதாந்தா குழுமம்தான். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2013இல் 12 ஊர்களில் கிராம சபை கூடியது. டோங்ரியா கோந்த் பழங்குடியினர் உள்ளிட்ட மக்கள் பன்னிரண்டிலும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பக்கம் வன உரிமைச் சட்டம் இருந்தது. நம் தீர்மானத்துக்கு அந்தச் சட்ட பலம் கிடையாது. நமக்குப் பலமாக இருந்தது கூட்டம். கூட்டம் எப்போதும் கூடுமென்று எந்தச் செயலாளராலும் உறுதி சொல்ல முடியாது.

அறிக்கையை எழுதி முடிக்கும் நேரத்தில் வந்த செய்தி இது. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உள்ளது. அதைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். பதிவேட்டில் இந்த முறை ஆறு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன், ஒட்டுவேலை இருக்காது. மைப்பெட்டி மேசையில் இருக்கிறது.

அடுத்த பொருள், நடுமடைப் பலகை.

இப்படிக்கு,
செயலாளர்